உப்பு வரியை எதிர்த்து சிறை... விற்பனை வரியைக் கொண்டு வந்து சாதனை! மதுவிலக்குக்காக ராஜாஜி போட்ட பட்ஜெட் கணக்கு கடைசியில் என்ன ஆனது?

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி பக்கம் போனால் வரும் ஊர் கீழ்புத்துப்பட்டு. அய்யனார் கோயிலுக்குப் பெயர் பெற்ற ஊர். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இங்கே இருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் கனகசெட்டிக்குளம். அங்கிருந்து புதுச்சேரி ஆரம்பம்.

இந்த எல்லையில் ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். ஒரு சோப்பை இந்தப் பக்கம் வாங்கினாலும் அந்தப் பக்கம் வாங்கினாலும் வரி ஒன்றுதான். உப்பு பாக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் ஜிஎஸ்டி கிடையாது. ஆனால், பெட்ரோல் விலை மாறும். மது விலையும் மாறும். ஒரே கடல், ஒரே சாலை, ஒரே நாடு. அப்புறம் ஏன் இரண்டு பொருளுக்கு மட்டும் இரண்டு விலை?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் 1939-ம் ஆண்டில் சென்னை மாகாண சட்டமன்றத்தில் நிறைவேறிய ஒரு சட்டத்தில் போய் நிற்போம். அதைக் கொண்டு வந்தவர் ராஜாஜி. மூதறிஞர், கடைசி கவர்னர் ஜெனரல், ராமாயணம் எழுதியவர் என்று அவரைப் பலருக்கும் தெரியும். இந்திய மாநிலங்களின் கஜானாவை மாற்றிப் போட்ட நிதியமைச்சர் ராஜாஜியைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

யார் இந்த ராஜாஜி?

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி 1878 டிசம்பர் 10-ம் தேதி ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தார். அப்போது அது சேலம் மாவட்டம், இப்போ கிருஷ்ணகிரி மாவட்டம். பெங்களூருவிலும் சென்னையிலும் படித்து, 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். நல்ல வருமானம். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவர் ஆனார். வரி வசூல் செய்து அதை ஊருக்குச் செலவழிக்கும் வேலையை அவர் முதலில் பழகியது அங்கேதான்.

காந்தியோடு ஏற்பட்ட பழக்கம் வாழ்க்கையைத் திருப்பியது. வக்கீல் தொழிலை விட்டார், ஒத்துழையாமை இயக்கத்தில் சிறைக்குப் போனார். 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகிய மூன்றும்தான் அங்கே வேலை. சுற்றியிருந்த கிராமங்களில் கூலிக்காசு கள்ளுக்கடையில் கரைவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். மதுவிலக்குப் பிரசாரத்துக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகையையும் நடத்தினார். பின்னாளில் அவர் போட்ட பட்ஜெட்டுக்கான விதை இங்கேதான் விழுந்தது.

உப்பு வரி: 1930-ல் நடந்தது என்ன?

அன்றைக்கு உப்பு விளைவிக்க லைசென்ஸ் வேண்டும். விளைந்த உப்பை அரசுக்கு வரி கட்டாமல் எடுக்க முடியாது. கடலோரத்தில் தானாகப் படியும் உப்பைக் கையில் அள்ளினாலே குற்றம். பணக்காரனும் ஏழையும் ஏறக்குறைய ஒரே அளவு உப்புதான் சாப்பிடுகிறார்கள் என்பதால், இந்த வரியின் சுமை ஏழை வீட்டில்தான் அதிகம்.

காந்தி தண்டிக்குப் போனது போல, தமிழ்நாட்டில் ராஜாஜி வேதாரண்யத்துக்குப் போனார். 1930 ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியில் இருந்து சுமார் 100 தொண்டர்களோடு புறப்பட்டார். வழியில் இவர்களுக்குச் சோறு போட்டாலோ, இடம் கொடுத்தாலோ நடவடிக்கை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் எச்சரித்திருந்தார். அதையும் மீறி மக்கள் உதவினார்கள். ஏப்ரல் 30-ம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார். தண்டனை 6 மாதச் சிறை.

அன்றைக்கு இந்தப் போராட்டத்தின் அடியில் இருந்த கேள்வி உப்பை விடப் பெரியது. மக்கள் பிரதிநிதிகளின் சம்மதம் இல்லாமல் போடப்பட்ட வரியை மக்கள் ஏன் கட்ட வேண்டும் என்பதுதான் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

1937: சாவி கைக்கு வந்தது, பெட்டியில் பாதி டெல்லியிடம்

1935-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி மாகாணங்களில் தேர்தல் நடந்தது. சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் 215 இடங்களில் 159-ஐப் பிடித்தது. 1937 ஜூலை 14-ம் தேதி ராஜாஜி பிரதமர் (இப்போதைய முதலமைச்சர் பதவிக்கு அப்போது அதுதான் பெயர்) ஆனார். நிதித்துறையையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். அமைச்சர்கள் மாதம் 500 ரூபாய் சம்பளம் மட்டுமே வாங்கினார்கள்.

சரி, உப்பு வரிக்காகச் சிறை போனவர், அதிகாரம் வந்ததும் உப்பு வரியை ரத்து செய்தாரா? செய்ய முடியவில்லை. எந்த வரி யாருக்கு என்று 1935 சட்டம் பட்டியல் போட்டுப் பிரித்திருந்தது. உப்பு, வருமான வரி, சுங்கம் எல்லாம் மத்திய அரசின் பட்டியலில். மாகாணத்துக்குக் கிடைத்தவற்றில் முக்கியமானவை இரண்டு: நிலவரி, மது மீதான கலால் வரி.

விவசாயியிடம் வாங்குவது ஒன்று, குடிப்பவரிடம் வாங்குவது இன்னொன்று. விலைவாசி வீழ்ச்சியில் விவசாயிகள் ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்தார்கள். அவர்களுக்காக 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தையே ராஜாஜி அரசு கொண்டு வந்தது. நிலவரியை ஏற்ற வழியில்லை. மதுவையோ ஒழித்தே தீருவேன் என்று நிற்கிறார் பிரதமர். அப்போ கஜானா எப்படி நிரம்பும்?

ஒரு பட்ஜெட் எப்படி சட்டம் ஆகிறது?

இங்கே கொஞ்சம் நின்று அடிப்படையைப் பார்த்துவிடலாம். பட்ஜெட் என்றால் நிதியமைச்சர் வாசிக்கும் உரை என்றுதான் பலரும் நினைக்கிறோம். உரை வெறும் தொடக்கம்தான்.

முதலில், அடுத்த ஆண்டு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்ற அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்படும். பிறகு ஒவ்வொரு துறைக்கும் இவ்வளவு பணம் வேண்டும் என்று மானியக் கோரிக்கை வரும். உறுப்பினர்கள் அதை ஏற்கலாம், குறைக்கலாம், நிராகரிக்கலாம். கூட்ட மட்டும் முடியாது. கடன் வட்டி, கவர்னர் சம்பளம் போன்ற சில செலவுகளுக்கு ஓட்டெடுப்பே கிடையாது.

இதெல்லாம் செலவுக் கணக்கு. புதிதாக ஒரு வரி போட வேண்டுமென்றால் தனியாக சட்டம் வேண்டும். 1935 சட்டத்தின் இந்த அமைப்பு பெரும்பாலும் அப்படியே நம் அரசியலமைப்புக்கும் வந்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் போடக்கூடாது என்கிறது 265-வது பிரிவு. மாநில பட்ஜெட்டின் நடைமுறையை 202 முதல் 204 வரையுள்ள பிரிவுகள் சொல்கின்றன. கஜானாவில் இருந்து பணத்தை எடுக்க, கடைசியாக நிதி ஒதுக்கீட்டுச் சட்டமும் நிறைவேற வேண்டும்.

முதலில் இழப்பு, பிறகு வரி

1937 அக்டோபர் 1-ம் தேதி, தன் சொந்த மாவட்டமான சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார் ராஜாஜி. அதற்காகவே சென்னை மதுவிலக்குச் சட்டம், 1937 நிறைவேறியிருந்தது. அடுத்து சித்தூர், கடப்பா மாவட்டங்கள். 1939-ல் வட ஆற்காடு. ஒவ்வொரு மாவட்டம் சேரும்போதும் கலால் வருவாயில் ஒரு துண்டு விழுந்தது. மதுவிலக்கை அமல்படுத்த ஆகும் செலவு தனி.

ஒரே நாளில் மாகாணம் முழுக்க மூடாமல் மாவட்டம் மாவட்டமாகப் போனதற்கு இதுவும் காரணம். ஆசை முழு மாகாணத்துக்கும் இருந்தது, பணம் நான்கு மாவட்டங்களுக்குத்தான் இருந்தது.

ஓட்டையை அடைக்க 1935 சட்டத்தின் மாகாணப் பட்டியலைத் துழாவினார்கள். அதில் 48-வது இனமாக, பொருள்களின் விற்பனை மீதான வரி என்று ஒரு வரி இருந்தது. அதை வைத்து எல்லாப் பொருளுக்கும் பொதுவான ஒரு வரியை அதுவரை எந்த மாகாணமும் போடவில்லை. மத்திய மாகாணம் 1938-ல் மோட்டார் எண்ணெய்க்கு மட்டும் போட்டிருந்தது, அவ்வளவுதான்.

அப்படிப் பிறந்ததுதான் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம், 1939. இந்தியாவின் முதல் பொது விற்பனை வரி. அதே ஆண்டில் கேளிக்கை வரிச் சட்டமும், மோட்டார் எண்ணெய் விற்பனைக்குத் தனி வரிச் சட்டமும் வந்தன.

விகிதம் எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்குக் குறைவாக வியாபாரம் செய்யும் கடைக்கு வரி இல்லை. 20,000 ரூபாய் வரை என்றால் மாதம் 5 ரூபாய். அதற்கு மேல் போனால் மொத்த விற்பனையில் அரை சதவீதம். அதாவது 100 ரூபாய் வியாபாரத்துக்கு 8 அணா.

கேட்க சின்னத் தொகைதான். ஆனால், ஒரு பொருள் மொத்த வியாபாரியிடம் இருந்து சில்லறைக் கடைக்கு, அங்கிருந்து வாடிக்கையாளருக்கு என்று கை மாறும்போது ஒவ்வொரு கையிலும் இந்த வரி விழும். வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கடைசியில் இந்தச் சுமை, வாங்குபவர் தலையில்தான் இறங்கும், ஏழைக்கும் சேர்த்தே இறங்கும் என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. உப்பு வரிக்கு எதிராக ராஜாஜி தரப்பு வைத்த வாதமும் கிட்டத்தட்ட இதுதான்.

வித்தியாசம் ஒன்று உண்டு. உப்பு வரிக்கு மக்களிடம் யாரும் கேட்கவில்லை. இந்த வரி, தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றத்தில் விவாதித்து ஓட்டெடுத்து வந்தது. அன்றைக்கு சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்கே பெரும்பாலும் ஓட்டுரிமை இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தென் ஆற்காட்டுக்குக் கிடைத்தது வரி மட்டும்

விற்பனை வரி 1939 அக்டோபர் 1-ம் தேதி அமலுக்கு வந்தது. ஆனால், செப்டம்பரிலேயே உலகப் போர் வெடித்துவிட்டது. இந்தியர்களைக் கேட்காமல் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டதை எதிர்த்து காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. அக்டோபர் மாத இறுதியில் ராஜாஜியும் ராஜினாமா செய்தார். தான் கொண்டு வந்த வரியை அவர் வசூலித்தது சுமார் ஒரே ஒரு மாதம்.

இங்கதான் ட்விஸ்ட். அடுத்து வந்த கவர்னர் ஆட்சி, போர்க்காலத்திலேயே மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. கள்ளுக்கடைகள் திரும்ப வந்தன. மதுவிலக்கின் இழப்பை ஈடுகட்டக் கொண்டு வந்த விற்பனை வரி மட்டும் போகவில்லை. காரணம் போன பிறகும் வரி தங்கிவிட்டது.

மரக்காணம், கீழ்புத்துப்பட்டு எல்லாம் அன்றைக்கு தென் ஆற்காடு மாவட்டம். ராஜாஜியின் மதுவிலக்கு அந்த மாவட்டத்தை எட்டவே இல்லை. ஆனால், விற்பனை வரி மாகாணம் முழுக்க இருந்தது. ஆக, இந்தக் கடலோர மக்கள் தங்களுக்குக் கிடைக்காத ஒரு மதுவிலக்குக்காக வரி கட்டினார்கள். பக்கத்தில் இருந்த பாண்டிச்சேரியோ பிரெஞ்சு ஆட்சியில், சென்னையின் சட்டங்கள் எதுவும் செல்லாத இடமாக இருந்தது.

இந்த வரி செல்லுமா என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. நிலக்கடலை எண்ணெயும் பிண்ணாக்கும் தயாரித்து விற்ற ஒரு நிறுவனம், உற்பத்தியாளரின் முதல் விற்பனைக்கு வரி போடுவது உற்பத்தி வரிக்குச் சமம், அந்த அதிகாரம் மத்திய அரசுக்குத்தான் என்று வாதிட்டது. 1942-ல் பெடரல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தயாரிப்பது வேறு, விற்பது வேறு, விற்பனைக்கு வரி போட மாகாணத்துக்கு உரிமை உண்டு என்று முடிவானது. மற்ற மாகாணங்களும் ஒவ்வொன்றாக விற்பனை வரிக்கு வந்தன.

மதுவிலக்கு தென் ஆற்காட்டுக்கும் வந்து, 1948 அக்டோபர் 2-ம் தேதியோடு மாகாணம் முழுவதும் நிறைவேறியது. அப்போது பிரதமராக இருந்தவர் திண்டிவனம் அருகே ஓமந்தூரைச் சேர்ந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், மரக்காணத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். ராஜாஜி விட்டுப்போன விற்பனை வரி, அவருக்குக் கைகொடுத்தது.

உப்பு வரி? 1947 பிப்ரவரியில் இடைக்கால அரசின் நிதி உறுப்பினர் லியாகத் அலி கான் தாக்கல் செய்த பட்ஜெட்டில் ஒழிந்தது. அந்த அமைச்சரவையில் ராஜாஜியும் இருந்தார். வேதாரண்யத்தில் அள்ளிய உப்புக்கு 17 ஆண்டுகள் கழித்து கணக்கு தீர்ந்தது.

பணமில்லை என்ற பதிலின் விலை

மேற்கு வங்க ஆளுநர், இந்தியாவின் கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை அமைச்சர் என்று பல பதவிகளைப் பார்த்துவிட்டு 1952-ல் மீண்டும் சென்னை முதலமைச்சர் ஆனார். உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது அந்த ஆட்சியில்தான். நிதித்துறை அப்போது சி.சுப்பிரமணியத்திடம் இருந்தது.

1953-ல் வந்த தொடக்கக் கல்வித் திட்டம்தான் ராஜாஜியை வீழ்த்தியது. பள்ளி நேரத்தைக் குறைத்து, இரண்டு வேளையாகப் பிரித்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது திட்டம். குறைந்த பணத்தில் அதிகப் பிள்ளைகளைப் படிக்க வைக்க இதுவே வழி என்பது அரசின் கணக்கு. அப்பன் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டும் குலக்கல்வி இது என்று பெரியாரும் திமுகவும் கொதித்தார்கள். சட்டமன்றத்தில் முன்கூட்டியே விவாதிக்காமல் கொண்டு வந்ததும் எதிர்ப்பைக் கூட்டியது. சொந்தக் கட்சியிலேயே ஆதரவு கரைந்து, 1954-ல் பதவி விலகினார். காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

1939-ல் பணம் இல்லை என்றபோது சட்டமன்றத்துக்குப் போய் புதிய வரி கேட்டார். 1953-ல் பணம் இல்லை என்றபோது பிள்ளைகளின் பள்ளி நேரத்தில் கை வைத்தார். முன்னது நிலைத்தது, பின்னது ஓராண்டு கூடத் தாங்கவில்லை.

பிறகு காங்கிரஸை விட்டே விலகி, 1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். அதிக வரி, பர்மிட், லைசென்ஸ் என்று தொழிலை அரசு நெருக்குவதை எதிர்ப்பதுதான் கட்சியின் கொள்கை. விற்பனை வரியைத் தொடங்கி வைத்தவரே வரிச்சுமைக்கு எதிரான குரலாக மாறினார். 1967 தேர்தலில் திமுகவோடு கூட்டணி சேர்ந்து காங்கிரஸ் ஆட்சியை அகற்றவும் உதவினார்.

92 வயதில் ஒரு வேண்டுகோள்

1971-ல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தள்ளி வைக்க முடிவெடுத்தது. காரணம், அதே பழைய காரணம்: நிதி. புதிதாக மதுவிலக்கு கொண்டு வரும் மாநிலங்களுக்கு இழப்பீடு தர முன்வந்த மத்திய அரசு, ஏற்கெனவே அமல்படுத்தி வந்த தமிழ்நாட்டுக்குத் தர மறுத்தது. ராஜாஜிக்கு அப்போது 92 வயது. முதல்வரை நேரில் சந்தித்து, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலன் இல்லை. ஆகஸ்ட் இறுதியில் மதுக்கடைகள் திறந்தன.

1972 டிசம்பர் 25-ம் தேதி ராஜாஜி காலமானார். கடைகள் அப்போது திறந்தே இருந்தன. 1974-ல் மூடப்பட்டு, எம்ஜிஆர் ஆட்சியில் 1981-ல் மறுபடி திறந்தன. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 2003-ல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. அந்த விற்பனைக்கான விதிகள் எந்தச் சட்டத்தின் கீழ் போடப்பட்டன தெரியுமா? தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. ஆமாம், சேலத்துக்காக ராஜாஜி கொண்டு வந்த அதே சட்டம், திருத்தங்களோடு.

இப்போ என்ன நிலைமை?

1939 விற்பனை வரிச் சட்டத்துக்குப் பதில் 1959-ல் புதிய சட்டம் வந்தது. 2007-ல் வாட். 2017 ஜூலை 1-ம் தேதி ஜிஎஸ்டி. அதற்காக 2016-ல் செய்த 101-வது அரசியலமைப்புத் திருத்தத்தில், மாநிலங்களின் விற்பனை வரி அதிகாரம் சுருங்கியது. கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள், மனிதர் அருந்தும் மது. இவ்வளவுதான் மிச்சம்.

சோப்புக்கு வரியைக் குறைக்க வேண்டுமென்றால் தமிழ்நாடு தனியாக முடிவெடுக்க முடியாது. ஜிஎஸ்டி கவுன்சிலுக்குப் போக வேண்டும். அங்கே மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மீதி. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு தேவை. பெட்ரோல் அப்படி இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பட்ஜெட்டிலேயே லிட்டருக்கு 3 ரூபாய் வரி குறைக்கப்பட்டது. கனகசெட்டிக்குளம் எல்லையில் பெட்ரோலும் மதுவும் மட்டும் விலை மாறுவதன் ரகசியம் இதுதான்.

மதுவை விட்டு விலக ஒரு மாற்று வழியாக விற்பனை வரியைக் கண்டுபிடித்தார் ராஜாஜி. அந்த வழி ஜிஎஸ்டிக்குள் போய்விட்டது. பொருள்களின் விற்பனை மீது மாநிலம் தானே விகிதம் முடிவு செய்யக்கூடிய வரிகளில், எரிபொருளோடு மதுவும்தான் மிஞ்சியிருக்கிறது. 2023-24ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வரி வருவாய் சுமார் 45,855 கோடி ரூபாய். மதுவிலக்கு வேண்டும் என்று எந்தக் கட்சி சொன்னாலும், 1937-ல் ராஜாஜி சந்தித்த அதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

கடைகள் திறந்திருப்பதால் மட்டும் கள்ளச்சாராயம் ஒழிந்துவிடவில்லை என்பதும் இதே கடற்கரைக்குத் தெரியும். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் மொத்த உயிரிழப்பு 20-ஐத் தாண்டியது. நிவாரணமாக குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதுவும் அரசு கஜானாவில் இருந்துதான்.

கீழ்புத்துப்பட்டு முகாமில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அங்கே வாழும் இலங்கைத் தமிழர்கள் சோப்பு வாங்கினால் ஜிஎஸ்டி கட்டுகிறார்கள். பெட்ரோல் போட்டால் மாநில வரி கட்டுகிறார்கள். அவர்களுக்கு மாதாமாதம் கிடைக்கும் உதவித்தொகை சட்டமன்றம் ஒதுக்கும் நிதியில் இருந்து வருகிறது. 2021-ல் அது குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயில் இருந்து 1,500 ஆக உயர்ந்தது. ஆனால், இந்தியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு அந்தச் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடும் உரிமை இல்லை. சம்மதம் கேட்காத வரியை ஏன் கட்ட வேண்டும் என்று 1930-ல் வேதாரண்யத்தில் எழுந்த கேள்வி, அதே கடற்கரையின் வடக்கே இன்னும் பதில் இல்லாமல் நிற்கிறது.

அடுத்த முறை மாநில பட்ஜெட் வாசிக்கும்போது இலவசம், அறிவிப்பு எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, வரவுப் பக்கத்தையும் ஒரு முறை பாருங்கள். ஆயத்தீர்வை எவ்வளவு, விற்பனை வரி எவ்வளவு, ஜிஎஸ்டி எவ்வளவு என்று மூன்று வரிகள் இருக்கும். 1937-ல் ராஜாஜி மாற்றி எழுத முயன்றது அந்தப் பக்கத்தைத்தான்.